பாதியில் நிற்கும் கோவைகள்

28 ஜனவரி 2025, செவ்வாய்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரிடம் வாக்குமூலம் பதியும் எங்கள் வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. எங்களுக்குக் கொழும்பிலிருந்து, கொழும்புக்கு வாஷிங்டனிலிருந்து. 20ஆம் திகதி பதவியேற்ற கையோடு ட்ரம்ப் கையெழுத்து வைத்த உத்தரவு: வெளிநாட்டு அபிவிருத்தி உதவி 90 நாளுக்கு நிறுத்தம், அதற்குள் மீளாய்வு. இன்றிலிருந்து ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது.

நாளைக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து இரண்டு அம்மாமார் வாக்குமூலம் தர வருவதாக இருந்தது. சேர் என்னைத்தான் ஃபோன் பண்ணி மறிக்கச் சொன்னார். ஒருவர் "பரவாயில்லை பிள்ளை" என்றார். மற்றவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

30 ஜனவரி, வியாழன்

உயிர்காக்கும் உதவிக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மருந்து, சாப்பாடு, தங்குமிடம். பசித்தவருக்குத்தான் முதலில், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனை இராணுவத்திடம் கையளித்த ஒரு தாய்க்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. சீனி வருத்தம், ஒரு கண் தெரியாது. அவர் சொல்ல வேண்டியதில் பாதிதான் பதிந்திருக்கிறோம். அது அவசரம் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

2 பெப்ரவரி, ஞாயிறு

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட்டின் இணையதளம் திறக்கவில்லை. பின்னேரமும் பார்த்தேன்.

5 பெப்ரவரி, புதன்

நேற்றுச் சுதந்திர தினம், எங்களுக்குக் கரிநாள். வெயிலில் நின்ற தலையிடி இன்னும் போகவில்லை. காலையில் அடுத்த செய்தி: அமெரிக்கா ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிலிருந்து விலகுகிறதாம். 2018இலும் இதே ஆள்தான் விலகினார். 2012 மார்ச்சில் இலங்கையிடம் பொறுப்புக்கூறல் கேட்டு அந்தப் பேரவைக்குத் தீர்மானம் கொண்டுவந்தது அமெரிக்காதான். அன்று அப்பா ரேடியோவை விட்டு அசையவில்லை. அவருக்கு இதைச் சொல்லவில்லை.

9 பெப்ரவரி, ஞாயிறு

முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்காம். இருட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பதிவுகள்தான் மண்டைக்குள் நிற்கின்றன. கொழும்பிலிருந்து சொத்துப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, ஸ்கேனர், மோட்டார் சைக்கிள், இரும்பு அலுமாரி. கணக்காளர் அக்கா குனிந்து குனிந்து ஒவ்வொன்றின் இலக்கத்தையும் பார்த்து எழுதினார். அலுமாரி யாருடையது என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. உள்ளே இருக்கும் கோவைகள் யாருடையவை?

எங்களிடம் வரும் அம்மாமார் ஆளுக்கொரு சொப்பிங் பை கொண்டுவருவார்கள். அதற்குள் லமினேற் பண்ணிய படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனுவின் பிரதி, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் இலக்கம், பிறகு காணாமல் போனோர் அலுவலகத்தின் கடிதம். இத்தனை இடத்தில் சொல்லிக் களைத்த பிறகும் எங்களை நம்பி இன்னொருமுறை சொன்னார்கள். மடிப்பில் கிழிந்த தாள்களைத் தம்பி கண்ணாடியில் வைத்து விரலால் நீவி நீவித்தான் ஸ்கேன் பண்ணுவான். அரைவாசிதான் ஏறியிருக்கிறது. இணையச் சேமிப்புக்கான சந்தாவும் திட்டக் காசு, மார்ச்சோடு முடிகிறது. வன்தட்டில் இறக்கினால் அதை எங்கே வைப்பது? என்ஜிஓ வாசலில் வந்து யார் வருகிறார்கள், என்ன கதைக்கிறார்கள் என்று புலனாய்வுக்காரர் விசாரித்துவிட்டுப் போகும் ஊர் இது. பாதுகாப்பாக வைத்திருப்போம் என்று சம்மதப் படிவத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டியது நான். வாஷிங்டனில் ஆட்சி மாறாதவரை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

14 பெப்ரவரி, வெள்ளி

நிதியைத் திரும்ப விடச் சொல்லி வாஷிங்டன் நீதிபதி அமீர் அலி தற்காலிக உத்தரவு போட்டிருக்கிறார்! தம்பி ஸ்கேனரைத் துடைத்து வைத்தான். அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டா.

17 பெப்ரவரி, திங்கள்

காசு வரவில்லை.

அமெரிக்க அரசின் செலவைக் குறைக்க வந்த மஸ்க்கின் ஆட்கள், ரத்துச் செய்ததாகப் போட்ட பட்டியலை எல்லாரும் பகிர்கிறார்கள். இந்திய வாக்காளருக்கு 21 மில்லியன் டொலர், பங்களாதேஷ் அரசியலுக்கு 29 மில்லியன். இங்கே எங்களை டொலர் காகங்கள் என்று பழையபடி தொடங்கிவிட்டார்கள். பெரியம்மாவின் மகனும் ஒன்றைப் பகிர்ந்திருக்கிறார், அதுதான் அதிகம் சுட்டது.

அமெரிக்கா தன் நலன் பார்க்காமல் தருகிறது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஜனநாயகத்துக்கென்று ரீகன் காலத்தில், 1983இல் நிதியம் தொடங்கியதே சோவியத்துக்கு எதிராகத்தான். கேள்வி கேளுங்கள், கணக்கைப் பாருங்கள், எங்கள் புத்தகங்களைத் திறந்தே வைத்திருக்கிறோம். ஆனால் 2016இல் 13 மில்லியன் டொலர் திட்டத்துக்கு அதே நாட்டோடு உடன்பட்டது எங்கள் அரசாங்கமும் பாராளுமன்றமும். அதை ஒருவரும் சதி என்று சொல்லவில்லை. முல்லைத்தீவில் ஒரு தாயின் பஸ் காசைக் கொடுத்தால் மட்டும் அது சதியாகிவிடுமா? இதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

20 பெப்ரவரி, வியாழன்

கிளிநொச்சி கந்தசாமி கோவிலடி. 2017இல் இதே நாளில் அம்மாமார் பிள்ளைகளைக் கேட்டு அங்கே போராட்டத்தில் வந்து இருந்தார்கள், இன்றைக்கு எட்டு வருடம். முன்னுக்கு இருந்த எத்தனையோ பேர் இப்போது இல்லை. பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில் தாயின் படத்தையும் யாராவது பிடித்து நிற்கிறார்கள்.

ஓர் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "அமெரிக்காக்காரன் காசை நிப்பாட்டினா நீங்கள் இனி வரமாட்டியளோ, பிள்ளை?"

வருவேன் என்றேன்.

27 பெப்ரவரி, வியாழன்

இடைநிறுத்தம் இல்லை, ரத்து. ஏறத்தாழ 5,800 ஒப்பந்தங்களை ஒரேயடியாக முடித்திருக்கிறார்கள். எங்களுடையதும் போய்விட்டது.

வேறு நாடுகளைக் கேளுங்கள் என்று ஆலோசனை சொல்கிறார்கள். முந்தாநாள் பிரிட்டனும் அறிவித்துவிட்டது, 2027க்குள் உதவி தேசிய வருமானத்தில் 0.5 வீதத்திலிருந்து 0.3க்கு இறங்குகிறது. அப்புறம் யாரிடம் போவது? இன்று சேரிடம் சொல்லிவிட்டேன்: இது இந்த நாடு தன் சொந்தக் காசில், வெட்கத்தோடு செய்திருக்க வேண்டிய வேலை. காணாமல் ஆக்கியவர்களிடமே சாட்சியைக் கொடுத்து வைக்க முடியாது என்பதால்தான் வெளியில் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

6 மார்ச், வியாழன்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு. செய்து முடித்த வேலைக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். ஜனவரிச் சம்பளம் வரலாம் என்கிறார் அக்கா. செய்யாமல் கிடப்பதற்கு எந்தத் தீர்ப்பும் இல்லை.

11 மார்ச், செவ்வாய்

யூஎஸ்எய்ட்டின் 83 வீதம் திட்டங்கள் ரத்து என்று அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ரூபியோ எழுதியிருக்கிறார். மிச்சம் ஆயிரம் அளவில் வெளியுறவுத் திணைக்களத்துக்குப் போகுமாம். தம்பி கட்டாருக்கு விண்ணப்பித்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் இரண்டு தங்கச்சிமார்.

13 மார்ச், வியாழன்

ஒரு ஃபாதர் பாதுகாப்பான இடம் தருகிறேன் என்றிருக்கிறார். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். சந்தா முடிய முன் எல்லாவற்றையும் இறக்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு அம்மாவிடமும் திரும்பப் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி பஸ்தான். விசுவமடுவிலிருந்து தொடங்கலாம் என்று