டிக்கியில் இருந்த ஆயில் கேன்

பழைய கார் ஒன்றை வாங்கலாம் என்று பார்க்கப் போனேன். பார்த்ததுமே பிடித்துவிட்டது. பெயின்ட் சுத்தம், சீட் சுத்தம், ஓடியது 92,000 கி.மீ. ஸ்டெப்னியைப் பார்க்கலாம் என்று டிக்கியைத் திறந்தபோதுதான், ஓரத்தில் பழைய துணியில் சுற்றி வைத்த ஆயில் கேன் கண்ணில் பட்டது. தூக்கிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

"அவசரத்துக்கு இருக்கட்டும்னு வச்சிருக்கேன் சார்" என்றார் விற்பவர். அவசரத்துக்கு வைத்த கேன் எப்படிப் பாதி காலியானது என்று நான் கேட்கவில்லை. சிரித்துவிட்டு மூடினேன்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முன்பு வைத்திருந்த காரில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற புகையும் கிடையாது. ஒருநாள் வளைவில் திரும்பும்போது ஆயில் விளக்கு மின்னி மறைந்தது. நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த இன்ஜினுக்கு ஆன செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அதனால் இந்த முறை முதலிலேயே, உள்ளே இருப்பது எந்த வகை இன்ஜின் என்று காட்டும் குறியீட்டைக் கேட்டு வாங்கியிருந்தேன். மாடல் பெயர் மட்டும் போதாது. வெளியே ஒரே கார், உள்ளே வருஷத்துக்கு வருஷம் வேறு இன்ஜின் இருக்கும். ஆயில் குடிப்பதில், அதாவது ஆயிலையும் சேர்த்து எரித்துத் தீர்ப்பதில், பெயர் வாங்கிய இன்ஜின்கள் உண்டு: டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ, ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐயில் இரண்டாம் தலைமுறை ஈஏ888. இரண்டிலும் சிக்கல், சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங் பக்கம்தான். பிறகு மாற்றியமைத்த பிஸ்டன்களும் ரிங்குகளும் வந்தன. நான் பார்க்கப் போனது இவை இரண்டும் அல்ல, ஆனால் அதற்கும் இதே புகார் இருந்தது. "பிஸ்டன், ரிங் மாத்தின பில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "இன்ஜினைத் தொட்டதே இல்லை சார்" என்றார் பெருமையாக. வேறு கார் என்றால் காதுக்கு இனிமையான பதில். இந்த இன்ஜினுக்கு அதுதான் கவலை.

முதல் நாள் நான் போனபோது பானெட் சூடாக இருந்தது. இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன் என்றார். இருக்கலாம். ஆனால் இரவெல்லாம் நின்ற வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போதுதான், வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் எப்படி இருக்கிறது என்று தெரியும். சீல் தேய்ந்திருந்தால் இரவில் ஆயில் கசிந்து இறங்கி, காலையில் குப்பென்று ஒரு நீலப் புகை வந்து அடங்கிவிடும். மறுநாள் காலை, நான் வரும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். புகை வரவில்லை. சரி, வால்வ் சீல் பரவாயில்லை.

அடுத்து ஒரு நீண்ட இறக்கம். கியரில் வைத்தே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்ததும் ஒரே அழுத்து. காலை எடுத்திருக்கும் நேரத்தில் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் வெற்றிடம் கூடி ஆயிலை உள்ளே இழுக்கும். அழுத்தியதும் அது எரிந்து வெளியே வரும். ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தெரியாது என்பதால் நண்பரைப் பைக்கில் பின்னால் வரச் சொல்லியிருந்தேன். "லேசா நீலமா வந்த மாதிரி இருந்துச்சு, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். நல்ல சாட்சி!

அப்புறம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். நான்கு ஸ்பார்க் ப்ளக்கில் இரண்டின் நுனியில் சாம்பல் நிறத்தில் பொருக்கு படிந்திருந்தது, ஆயில் எரிந்த அடையாளம். சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரஷனோ நான்கிலும் அருமை. விற்பவர் முகம் மலர்ந்தது. மெக்கானிக் மட்டும் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் சொன்னதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டனில் மூன்று ரிங். கம்ப்ரஷனைப் பிடிப்பது முக்கியமாக மேலே உள்ளவை. கீழே இருப்பதன் வேலை சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழிப்பது. வழித்த ஆயில் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகத் திரும்பிப் போகும். துளைகள் கரியால் அடைத்து, அந்த ரிங் இறுகிக்கொண்டால் ஆயில் மேலே ஏறி எரியும். மேல் ரிங்குகள் நன்றாக இருப்பதால் கம்ப்ரஷனில் ஒன்றும் தெரியாது. சில சமயம் ஆயில் ஈரம் இடைவெளியை அடைத்து அளவைக் கூட்டியே காட்டும்.

"அளந்து பார்க்காம நம்பாதீங்க தம்பி" என்றார்.

ஆக, அளப்பதுதான் ஒரே வழி. விற்பவர் தினமும் வேலைக்கு அந்தக் காரில்தான் போகிறார் என்பது என் அதிர்ஷ்டம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஆயிலை நிரப்பினோம். டிப்ஸ்டிக்கையும் ஓடோமீட்டரையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆயில் மூடியின் குறுக்கே டேப் ஒட்டி அதன் மேல் கையெழுத்தும் போட்டேன். கொஞ்சம் ஓவர்தான், தெரியும். அவரும் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே பத்து நிமிடக் காத்திருப்பு. ஓடியது 780 கி.மீ. டேப் அப்படியே இருந்தது. ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அந்தக் காரின் கையேட்டின்படி இரண்டு கோட்டுக்கும் இடையில் 1 லிட்டர். அப்படியானால் 780 கி.மீ.க்கு அரை லிட்டர், அதாவது 1,000 கி.மீ.க்கு 640 மில்லியைத் தொடுகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போகலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாராளக் கணக்கையும் இது தாண்டிவிட்டது.

விற்பவர் கொஞ்ச நேரம் டிப்ஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு வருஷமா இப்படித்தான் சார். ஊத்திக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். விலையைக் குறைக்கவும் தயாரானார். ஆனால் பிஸ்டன் வேலை என்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். இரண்டு வருஷமாக எரிந்த ஆயிலின் சாம்பல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எவ்வளவு அடைத்திருக்கிறதோ! வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து வாங்கியது இதைவிடப் பழைய, 1,20,000 கி.மீ. ஓடிய கார். டேப் ஒட்டட்டுமா என்று கேட்டதற்கு அதன் உரிமையாளர், "ரெண்டு டேப்பா ஒட்டிக்கோங்க" என்றார்.