மனச்சோர்வு மருந்துகள்: பெயரோடு நாள்கணக்கையும் படியுங்கள்

நர்சிங் மருந்தியல் தேர்வுக்கு மனச்சோர்வு மருந்துகளைப் பலரும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். நான் முதல் மாத்திரை கொடுத்த நாளிலிருந்து நோயாளிக்கு என்னென்ன நடக்கும் என்ற வரிசையில் படித்தேன். அதுதான் கைகொடுத்தது.

மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையில் தொடங்குங்கள்: ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம். குமட்டலும் தலைவலியும் முதல் வாரமே வந்துவிடும். மனம் தெளியத் தொடங்க 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் கேள்விகள் இருக்கின்றன. "பத்து நாளாச்சு சிஸ்டர், ஒண்ணும் சரியாகலை, நிறுத்திடட்டுமா?" என்று நோயாளி கேட்பார். தானாக நிறுத்தக் கூடாது, பலன் தெரிய நாளாகும் என்று விளக்குவதே விடை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. படுத்தே கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார் என்றால், கண்காணிப்பைத் தளர்த்தும் விடையைத் தொடவே தொடாதீர்கள். உடம்பில் தெம்பு முதலில் திரும்பும். தற்கொலை எண்ணம் அப்படியே இருக்கலாம். 24 வயது வரையுள்ளவர்களுக்கு இதற்கென்றே தனி எச்சரிக்கை இருக்கிறது. அந்த எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது. மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் இதற்காகத்தான். அமிட்ரிப்டிலின் போன்ற டி.சி.ஏ. என்னும் பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளைச் சேர்த்துவைத்து விழுங்கினால் இதயத் துடிப்பே தடம்மாறி உயிர் போகலாம். வழக்கமான அளவிலேயே வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், எழுந்ததும் தலைசுற்றல் எல்லாம் இந்த வகையில் உண்டு.

அடுத்து செரோடோனின் சிண்ட்ரோம், அதாவது செரோடோனின் அளவுக்கு மீறும்போது வரும் ஆபத்து. பதற்றம், வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. முட்டிக்குக் கீழே தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளும். பாதத்தைச் சட்டென மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால் விட்டுவிட்டுத் துடிக்கும். வலி மருந்தான டிரமடாலோ ஆன்டிபயாடிக்கான லினெசோலிடோ கூடவே போகிறதா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

எம்.ஏ.ஓ.ஐ. என்னும் இன்னொரு பழைய வகை மனச்சோர்வு மருந்து என்றால் நாள்பட்ட சீஸ் கூடாது. அதிலுள்ள டைரமின் ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும், பின்னந்தலையில் கடும் வலி வரும். எஸ்.எஸ்.ஆர்.ஐ.யிலிருந்து இதற்கு மாற்ற பொதுவாக 14 நாள் இடைவெளி. ஃப்ளூவாக்ஸெடினுக்கு மட்டும் 5 வாரம், அது உடம்பைவிட்டுப் போக அவ்வளவு காலம் எடுக்கும்.

புப்ரோபியான் என்றால் வலிப்பு வரும் ஆபத்து, மிர்டசபின் என்றால் தூக்கமும் எடை கூடுதலும், வென்லாஃபாக்ஸின் என்றால் ரத்த அழுத்தம் கூடுதல். இவற்றுக்கு இவ்வளவு போதும்.