ரத்தம் கம்மி

பதினைந்து வயதிலிருந்து எனக்கு "ரத்தம் கம்மி". பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த அன்று, எங்கள் ஊர் டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது. அன்று தொடங்கிய சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் பதினான்கு வருடம் ஓடின. ஹீமோகுளோபின் பத்தரையைத் தாண்டியதே இல்லை. ஒழுங்காகச் சாப்பிடாதவள் என்ற பெயர் மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது. அது இரும்புச் சத்துக் குறைவே இல்லை என்பது, லண்டனில் மாசமாக இருந்தபோதுதான் தெரிய வந்தது.

என் கணவர் லண்டனில் பிறந்தவர். அவருடைய அப்பா அம்மா நைஜீரியாவின் யொருபா மக்கள். மாமியார் ஓய்வு பெற்ற நர்ஸ். நானும் அவரை மம்மி என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் பேசிய சமயத்தில் மம்மி என்னிடம் முதலில் கேட்டது, "உன் ஜீனோடைப் என்ன?" நைஜீரியக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஏஏ என்றால் கவலை இல்லை. ஏஎஸ் என்றால் சிக்கிள் செல் கேரியர்; சிவப்பணு அரிவாள் போல வளைகிற பரம்பரை ரத்த நோயின் மரபணுவை, நோய் இல்லாமல் சுமப்பவர். எஸ்எஸ் என்றால் நோய். ஏஎஸ்ஸும் ஏஎஸ்ஸும் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு எஸ்எஸ் வர வாய்ப்பு. மம்மியின் தம்பி எஸ்எஸ். எலும்புக்குள் வலி வந்து துடித்துத் துடித்து பத்தொன்பது வயதில் போய்விட்டார். என் கணவர் ஏஎஸ் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஜீனோடைப் என்றால் என்னவென்றே தெரியாது. "நீ இந்தியப் பெண், உனக்கு எஸ் இருக்காது" என்று மம்மியே முடிவு செய்துகொண்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். உண்மையில் அந்த நினைப்பே தப்பு. இந்தியாவில் சிக்கிள் செல்லை முதலில் கண்டுபிடித்ததே நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். என்னிடம் எஸ் இல்லைதான். ஆனால் இருந்தது வேறொன்று. ஏஏ, ஏஎஸ் என்று எழுத்துகளாகக் கேட்கும்போது அது யார் வாயிலும் வராது.

ஒன்பதாவது வாரம் மிட்வைஃபிடம், அதாவது கர்ப்பிணிகளைக் கவனிக்கும் நர்ஸிடம், முதல் சந்திப்பு. இங்கிலாந்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு: உங்கள் குடும்பத்தின் பூர்விகம் எது, குழந்தையின் அப்பா குடும்பத்தின் பூர்விகம் எது. எனக்குத் தெற்காசியா, அவருக்கு மேற்கு ஆப்பிரிக்கா என்று இரண்டு கட்டங்களில் டிக் அடித்தார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர வேண்டிய கடிதம் வரவில்லை. எல்லாம் சரியாக இருப்பதால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் கேட்கவும் இல்லை. பதின்மூன்றாம் வாரம் முடியும் தறுவாயில் ஃபோன் வந்தது. கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்திருக்கிறது. முகவரி மாறியதை நான் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அந்த மூன்று வாரத் தாமதத்துக்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை என்பது இன்றும் மனதில் உறுத்துகிறது. ஏனென்றால் அந்த மூன்று வாரத்தில் ஒரு கதவு மூடிவிட்டது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

மரபணு ஆலோசகர் அம்மா ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஹீமோகுளோபின் 10.2. அதன் கீழே எம்சிஎச், அதாவது ஒரு சிவப்பணுவுக்குள் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற கணக்கு, 20. அது 27-க்குக் கீழே போனாலே தலசீமியாவை, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறையை, தேடுவார்கள். அதற்கும் கீழே ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2, 5.2 சதவீதம். 3.5-க்கு மேல் போனால் பீட்டா தலசீமியா கேரியர். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நன்றாகவே இருந்தது.

"நீங்கள் இவ்வளவு நாள் தின்ற இரும்பு மாத்திரை இதற்கு ஒன்றும் செய்திருக்காது. உங்கள் சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறியவை, அவ்வளவுதான். உங்களுக்கு இது நோய் இல்லை" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. பதினான்கு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு வட்டம் போட்டார். முதல் வட்டம், இருவரிடமிருந்தும் நல்ல மரபணு. இரண்டாவது, அவருடைய எஸ் மட்டும். மூன்றாவது, என்னுடைய தலசீமியா மட்டும். இந்த மூன்றிலும் குழந்தைக்கு நோய் இல்லை. நான்காவது வட்டத்தைப் பேனாவால் மெல்ல நிரப்பினார். அவருடைய எஸ்ஸும் என்னுடைய தலசீமியாவும் சேர்ந்து வந்தால் அது சிக்கிள் பீட்டா தலசீமியா. சிக்கிள் செல் நோயில் ஒரு வகை. தலசீமியா மரபணு எந்த வகை என்பதைப் பொறுத்து, எஸ்எஸ் அளவுக்கே கடுமையாகவும் இருக்கலாம், லேசாகவும் இருக்கலாம். நான்கில் ஒன்று. என் கணவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் மாமா வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இரண்டு இனம் கலந்ததால் வந்த பிரச்சினையா?" என்று கேட்டேன். இதைச் சிலர் என் காதுபடவே பேசியிருந்தார்கள். ஆலோசகர் இல்லை என்று உறுதியாகத் தலையாட்டினார். "நீங்கள் ஒரு தமிழரையே கல்யாணம் செய்திருந்து, அவரும் உங்களைப் போலத் தலசீமியா கேரியராக இருந்திருந்தால் இதே நான்கில் ஒன்றுதான். அப்போது வருவது தலசீமியா மேஜர், மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டியது" என்றார். எஸ், தலசீமியா இரண்டுமே மலேரியா காலங்காலமாக இருந்த மண்ணில் நிலைத்தவை. கேரியராக இருப்பவரை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. என் கணவருடைய பாட்டனாரையும் என் பாட்டனாரையும் ஒரே காய்ச்சல்தான் இந்த வழியில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதைக் கேட்ட பிறகு எனக்குள் இருந்த குற்ற உணர்வு கொஞ்சம் இறங்கியது.

கதவு மூடியது என்றேனே, அது இதுதான். குழந்தைக்கு என்ன வந்திருக்கிறது என்று கர்ப்பத்திலேயே பார்க்க இரண்டு வழி உண்டு. 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுப்பது. 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியில் எடுப்பது. முதல் வழி எங்களுக்கு முடிந்துபோயிருந்தது. இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் உண்டு. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இரண்டு இரவு தூங்காமல் பேசினோம். முடிவு எதுவானாலும் இந்தக் குழந்தையைப் பெற்றுக்கொள்வோம் என்று இருவருக்கும் தெளிவாகத் தெரிந்த பிறகு, ஊசி வேண்டாம் என்றோம். வேறு முடிவு எடுக்கிற பெற்றோரும் பிள்ளைமேல் பாசத்தில்தான் எடுக்கிறார்கள். மாமாவின் கடைசி நாட்களைப் பார்த்த மம்மி, "டெஸ்ட் எடுங்கள்" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அன்று மாலை வந்து எங்கள் சமையலறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்.

எடை விஷயம் இதற்கு நடுவில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. என் உயரம் 156 சென்டிமீட்டர். மாசமாவதற்கு முன் எடை 60 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 24.7. பொது அட்டவணைப்படி இது சரியான எடை. ஆனால் தெற்காசிய உடம்புக்கு 23-க்கு மேலேயே சர்க்கரை அபாயம் கூடத் தொடங்கிவிடுகிறது என்பதால் எங்களுக்குக் கோடு கீழே. இதை முதல் சந்திப்பில் யாரும் சொல்லவில்லை. இங்கே நம் ஊர் போல ஒவ்வொரு முறையும் எடை பார்க்கும் வழக்கமும் இல்லை. அம்மா தினமும் வீடியோவில் வந்து, "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணுங்கண்ணு" என்பார். மம்மி பெக்கம் கடைத்தெருவிலிருந்து சேனை மாதிரி பெரிய கிழங்கை வாங்கி வந்து இடித்துக் களி செய்து தருவார். இருவருக்கும் என்மேல் பயம். அதைச் சோறாகவும் களியாகவும் இறக்கினார்கள். எனக்கும் அந்த நான்காவது வட்டத்தை மறக்க வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இருபத்தாறாம் வாரத்தில் 71 கிலோ. பெரும்பாலான பெண்களுக்குப் பத்து மாதத்துக்கும் சேர்த்தே 10 முதல் 12.5 கிலோதான் கூடும் என்கிறது இங்கத்திய பொது சுகாதாரச் சேவை. கடைசி மூன்று மாதம் வரை கூடுதல் உணவே தேவையில்லை, அதன் பிறகும் நாளுக்கு 200 கலோரி போதும் என்பதையும் அப்போதுதான் படித்தேன்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, நான் தெற்காசியாக்காரி. இந்த இரண்டு காரணத்தால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இங்கத்திய கணக்கில் வெறும் வயிற்றில் 5.6, இரண்டு மணி நேரத்தில் 7.8, எதை எட்டினாலும் கர்ப்பகால நீரிழிவு. நம் ஊர் மில்லிகிராம் அலகில் இது ஏறக்குறைய 100, 140. எனக்கு 5.4, 8.3. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையை, ரத்தமே இப்படி இருப்பவர்களுக்கு அப்படியே நம்ப முடியாது என்றார்கள். ஆகவே விரல் குத்திப் பார்ப்பதுதான் வழி. காலையில் 5.3-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே இருக்க வேண்டும்.

முதல் நாள் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. ஒரு மணி நேரத்தில் 9.1. மீட்டரைப் பார்த்து அழுதேன். மறுநாள் இரண்டு இட்லி, அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 7.2. இட்லியை விட வேண்டியதில்லை, கூட்டாளியை மாற்றினால் போதும் என்று அன்று பிடிபட்டது. அந்த வார இறுதியில் மம்மி மொய்ன் மொய்ன் செய்ய வந்தார். ஊற வைத்த தட்டப்பயறைத் தொட்டியில் போட்டு இரு கையாலும் கசக்கினார். தோல் மேலே மிதந்து வர, தண்ணீரைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார். அம்மா கறுப்பு உளுந்து களைவதும் அப்படியேதான். மிளகாய், வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து அரைத்து, என் இட்லிப் பானையிலேயே கிண்ணங்களில் வேக வைத்தோம். கூடக் கொஞ்சம் கீரை. ஒரு மணி நேரத்தில் 6.4. மம்மி அந்த எண்ணை ஃபோனில் படம் எடுத்து எங்கள் அம்மாவுக்கு அனுப்பினார். இருவருக்கும் பொது மொழி கிடையாது. எண் போதுமானதாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் எண்கள் அடங்கின. விடியற்காலை எண் மட்டும் பிடிவாதமாக நின்றதால் இரவில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் ஒரு மாத்திரை. கடைசிப் பன்னிரண்டு வாரத்தில் ஏறியது இரண்டே கிலோ.

ஸ்கேனில் குழந்தை பெரிதாகத் தெரிந்தபோது மறுபடி ஒரு குழப்பம். சர்க்கரையாலா, அப்பா ஆறடி இரண்டு அங்குலம் என்பதாலா? அவர்கள் வைத்திருந்த வளர்ச்சி வரைபடம் அம்மாவின் உயரம், எடை, பூர்விகம் ஆகியவற்றை வைத்துத்தான் போடப்படுகிறது. அப்பா அதில் இல்லை. டாக்டர் மொத்த எடையைவிடக் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவைப் பார்த்தார். சர்க்கரையால் கொழுத்தால் அது தலையின் அளவை முந்திக்கொண்டு ஏறும். அப்படி ஏறவில்லை.

ஊரிலிருந்து வந்த பார்சல் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சொந்தக்காரர் குங்குமப்பூ அனுப்பியிருந்தார். "குழந்தை கொஞ்சம் நம்ம நிறமா வரட்டும்" என்று துண்டுச் சீட்டு. அதைக் கணவரிடம் காட்டாமல் கிழித்தேன். என் பிள்ளையின் ரத்தத்தைப் பற்றி நான் தூங்காமல் கிடக்கும்போது, தோலைப் பற்றி ஒருவருக்குக் கவலை வந்ததே என்ற வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

முப்பத்தொன்பதாம் வாரம் பெண் பிறந்தாள். 3.3 கிலோ. சர்க்கரைத் தாயின் குழந்தை என்பதால் அரை மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைத்து, சில மணி நேரத்தில் அவளுக்கும் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. அவள் முதுகடியில் நீலத் திட்டு ஒன்று இருந்தது. நம் குழந்தைகளுக்கும் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கும் சகஜமாக வருவது, தானாக மறையும். பின்னால் யாரும் அடிபட்ட காயம் என்று தப்பாக நினைக்கக் கூடாதென்று மிட்வைஃப் அதன் அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி, அட்டையில் நான்கு சொட்டு ரத்தம். சிக்கிள் செல் இருந்தால் மூன்று மாதத்துக்குள் பென்சிலின் தொடங்கிவிடுவார்கள். மாமா காலத்தில் இல்லாத வசதி.

எட்டு வாரத்துக்குள் வருமென்றார்கள், ஐந்தாவது வாரமே வந்தது. இந்த முறை சரியான முகவரிக்கு. என் கணவர் நின்றபடியே பிரித்தார். சிக்கிள் செல் கேரியர், நோய் இல்லை. எஸ் அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது என்றால் என்னிடமிருந்து வந்தது நல்ல மரபணு; தலசீமியா அவளுக்கு இல்லை. இரண்டாவது வட்டம். மம்மிக்கு ஃபோன் போட்டார். "ஏஎஸ்" என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் மம்மி யொருபாவில் ஏதோ பாடத் தொடங்கினார்.

அம்மாவிடம் நான் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் தங்கச்சிக்கும் ரத்தம் கம்மின்னுதானே கண்ணு சொல்றாங்க?" என்றார். தங்கைக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமே ஈரோட்டில் ஒரு லேபில், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்பிஎல்சி சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஏ2, 4.9. மாப்பிள்ளை வீட்டில் ஜாதகம் கேட்டு வந்தபோது, அம்மா அந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்து, பையனுக்கும் ஒன்று எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.