ரோஸ்பெரி மலைக்கு ஒரு பாதயாத்திரை

"சின்னக் குன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஏறி இறங்கிடலாம்" என்றார் ஆபீஸில் பக்கத்து சீட்காரர்.

இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற மிடில்ஸ்பரோவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் 'சின்ன' என்ற சொல்லுக்கு என்ன எடை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குடை திரும்பிக்கொள்கிற புயலுக்கு 'லேசான காத்து' என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் வழி கேட்டால் "இந்தா, கூப்பிடு தூரம்" என்பார்கள். யார் கூப்பிடுவது, எந்த மைக்கில் கூப்பிடுவது என்று சொல்ல மாட்டார்கள். அதே ரகம்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் வயல். உயரம் என்று அண்ணாந்து பார்த்தது ராஜகோபாலசாமி கோயில் கோபுரம், அதற்கடுத்து வைக்கோல் போர். ஆனால் மாமனார் அப்படி இல்லை. காரைக்குடிப் பக்கத்துக்காரர். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவர். மகளைப் பார்க்க மூன்று மாதம் வந்தவர், முதல் வாரத்திலேயே எங்கள் தெருவின் நீள அகலத்தை அளந்து முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். என் மனைவிக்கு அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் டூட்டி. "அப்பாவை எங்கேயாச்சும் கூட்டிட்டுப் போங்களேன், பாவமா இருக்கு" என்றாள். அவள் பாவம் என்று சொன்னது யாரை என்று சாயங்காலம்தான் யோசித்தேன்.

ரோஸ்பெரி டாப்பிங். மலையின் பெயரே அதுதான், பீட்சாவில் தூவுகிற சமாச்சாரம் போல. எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிஷம். அடிவாரத்தில் நியூட்டன் அண்டர் ரோஸ்பெரி என்று ஒரு கிராமம், கார் நிறுத்த இடம். மலை 320 மீட்டர்தான். ஆனால் ஒருபக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டு, மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தோரணையைப் பார்த்துத்தான் 'யார்க்‌ஷயரின் மேட்டர்ஹார்ன்' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் இருக்கிற அசல் 4478 மீட்டர். பட்டம் கொடுப்பதில் இவர்களும் நம்மாட்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

மாமா வேட்டிக்குள்ளே தெர்மல் பேன்ட், மேலே என்னுடைய பழைய ஜாக்கெட், தலையில் மங்கி குல்லா என்று தயாராக வந்தார். காரைவிட்டு இறங்கி மலையை ஒரு பார்வை பார்த்தார்.

"மேல எந்தச் சாமி மாப்ளே?"

"சாமியெல்லாம் இல்லை மாமா. சும்மா ஏறிப் பாத்துட்டு இறங்கறதுதான்."

"சும்மாவா?"

அந்த 'சும்மாவா'வில் எங்கள் கல்யாணத்துக்குச் சம்மதித்ததையே மறுபரிசீலனை செய்கிற தொனி இருந்தது. காரின் கதவைத் திரும்பத் திறந்தார். "நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

மாமனாரைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு நான் மட்டும் மலையேறினேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல முடியாது. முந்தின இரவு படித்து வைத்தது கைகொடுத்தது. "ஒரு காலத்துல இது சாமி மலைதான் மாமா" என்று ஆரம்பித்தேன். டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகள் இதற்கு வைத்த பெயர் ஓதின் மலை. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏட்டில்கூட அப்படித்தான் இருக்கிறது. பிறகு வாய்க்கு வாய் தேய்ந்து, 'நியூட்டன் அண்டர்' என்பதன் கடைசி 'ர்' வந்து ஒட்டிக்கொண்டு, ஓதின் ரோஸ்பெரி ஆகிவிட்டார்.

"ஓதின்னா என்ன சாமி?"

"கையில ஈட்டி வெச்சிருப்பார்."

"வேல்னு சொல்லுங்க." ஒரு காலைக் காருக்கு வெளியே வைத்தார்.

"ஞானம் வேணும்னு ஒரு கண்ணையே பிடுங்கிக் குடுத்தவர்."

"கண்ணப்ப நாயனார்!" இன்னொரு கால் வெளியே வந்தது. "வாகனம்? மயிலா?"

"எட்டுக் கால் குதிரை மாமா. கூடவே ரெண்டு காக்கா இருக்கும்." அண்டங்காக்கைதான் என்றாலும் அப்போதைக்குக் காக்கா போதும் என்று தோன்றியது. ஓதினுக்குரிய கிழமை புதன், ஆங்கிலத்தில் அந்தக் கிழமைக்கே அவர் பெயர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா விரல் விட்டுக் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

"காக்கா. இன்னைக்குச் சனிக்கிழமை. சரியான நாள்லதான் கூட்டிட்டு வந்திருக்கீங்க மாப்ளே."

சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றினார். சாமி மலைக்குக் காலணியோடு ஏறுவதாவது! நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மே மாதம்தான், வெயிலும் அடித்தது. ஆனால் அது இங்கிலாந்து வெயில், படத்துக்கு மாட்டிய சீரியல் பல்பு மாதிரி, வெளிச்சம் மட்டும்தான். மாமா கேட்கவில்லை. என்னையும் கழற்றச் சொல்லாமல் விட்டதை மாப்பிள்ளை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய ஷூ இரண்டையும் கயிற்றால் முடிந்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் காடு. ஓக் மரங்களுக்கு அடியில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூத்துக் கிடந்தன. அந்த அழகைப் பற்றி நாலு வரி எழுத ஆசைதான். ஆனால் பாதை செங்குத்தாகத் திரும்பியதும் எனக்குக் கண்ணில் தெரிந்தது முன்னால் போன மாமாவின் குதிகால் மட்டும்தான். பெரிய பெரிய கற்களைப் பதித்துப் படி மாதிரி செய்திருக்கிறார்கள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம். "பழனியில 693 படி, ஒண்ணு கூடச் சதி பண்ணாது" என்றார் மாமா.

மிடில்ஸ்பரோ பஸ் ஸ்டாப்பில் ஆறு வருஷம் பக்கத்தில் நின்றாலும் முகம் பார்க்காத மக்கள், மலையில் கால் வைத்தால் ஆளே மாறிவிடுகிறார்கள். எதிரே வந்த ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள். மாமா எல்லோருக்கும் பதிலுக்கு "முருகா" என்றார். அவர்களும் அது ஏதோ நம் ஊர் 'மார்னிங்' என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "கிட்டத்தட்ட வந்துட்டீங்க" என்றார் ஒருவர். பத்து நிமிஷம் கழித்து வந்தவரும் அதையே சொன்னார். கூப்பிடு தூரம்!

அதற்குள் மாமாவின் வெறும் கால் கவனத்தை ஈர்க்க ஆரம்பித்தது. ஒரு பெண்மணி நின்று, என் கழுத்தில் தொங்கிய ஷூவையும் மாமா காலையும் மாறி மாறிப் பார்த்தார். புது ஷூ கடித்துவிட்டது என்று முடிவுகட்டி, பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். மாமா அதைப் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு நாய் வந்து அவர் பாதத்தை நக்கியது. நாயின் எஜமானர் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். "வைரவர் வாகனம், ஒண்ணும் சொல்லாதீங்க" என்று மாமா அவருக்குத் தமிழிலேயே ஆறுதல் சொன்னார்.

அடுத்து வந்தவர்தான் விவகாரம். எழுபது வயதிருக்கும், அரைக்கால் சட்டை, இரண்டு கையிலும் ஊன்றுகோல். மாமாவின் காலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! எதுக்காக?" என்று கேட்டார்.

இந்த நாட்டில் ஒருவர் தன்னைத்தானே வருத்திக்கொண்டால் அது நல்ல காரியத்துக்கு நிதி திரட்டத்தான். கோமாளி வேஷத்தில் மாரத்தான் ஓடுவார்கள், தலையை மொட்டை அடித்துக்கொள்வார்கள். (மொட்டை அடித்துக்கொண்டு காசையும் நாமே கொடுப்பது நம் முறை.) இதையெல்லாம் விளக்கி, இது நன்கொடை நடை இல்லை, வேண்டுதல்கூட இல்லை, ஓதினுக்கு மாமா கொடுக்கும் மரியாதை என்று சொல்ல எனக்கு மூச்சு வேண்டும். மூச்சு இரண்டு வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "டெம்பிள்..." என்று மட்டும் வந்தது. அவர் உருகிப்போனார். பர்ஸைத் திறந்து ஐந்து பவுண்டு நோட்டு ஒன்றை மாமா கையில் வைத்து அழுத்திவிட்டு, நான் தலையாட்டி மறுப்பதற்குள் ஊன்றுகோல் இரண்டும் டக் டக்கென்று வளைவில் மறைந்துவிட்டது. இறங்குகிற ஆள், அதுவும் அந்த வேகத்தில். ஏறுகிறவன் எங்கே துரத்துவது?

"காணிக்கை" என்றார் மாமா, சர்வ சாதாரணமாக.

உச்சியில் ஒரு காங்கிரீட் தூண். 1936இல் நாடு முழுவதையும் திரும்ப அளக்க ஆரம்பித்தபோது இந்த மாதிரித் தூண்களை மலைதோறும் நட்டார்கள். மலையேறி வருகிறவர்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து, தூணைத் தொட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு நகர்வது இங்கே வழக்கம். இதை மாமாவுக்கு நான் எப்படி மறுத்துச் சொல்வது? "பாருங்க, சும்மா ஏறுறாங்கன்னீங்களே, அத்தனை பேரும் தொட்டுக் கும்பிடுறாங்க" என்றார். மூன்று சுற்றுச் சுற்றி, மடியிலிருந்து விபூதி எடுத்துத் தூணுக்குப் பட்டையடித்து, மிச்சத்தை எனக்குப் பூசினார். பாறையெங்கும் பெயர்கள் செதுக்கியிருந்தன, சிலது அச்சுக் கோத்த மாதிரி அத்தனை நேர்த்தியாக. பேனாக்கத்தி கண்டுபிடித்த நாளிலிருந்தே காதலர்கள் இங்கே வந்துபோகிறார்கள் போல.

மலைக்கு ஒருபக்கம் ஏன் இல்லை என்று கேட்டார். 1912இல் சரிந்து விழுந்தது, அடியில் இரும்புக்கல் தோண்டியதும் ஒரு காரணம் என்கிறார்கள் என்றேன். "இடும்பன் ரெண்டு மலையைக் காவடியாத் தூக்கிட்டு வந்தான். இங்கே பாதியை யாரு தூக்கினது?" என்றார். சிரிப்பு வந்தது. காவடி கட்டித் தூக்கிப் போன கதை கண்ணெதிரே கீழேயே இருக்கிறதே! அடிவாரத்துப் பண்ணை ஒன்றில்தான், கப்பலில் ஆஸ்திரேலியா வரை போன கடலோடி கேப்டன் குக்கின் அப்பா வேலை பார்த்தார். குக் எட்டு வயதில், 1736இல், இங்கே வந்தவர். பக்கத்து கிரேட் அய்டனில் அவர் அப்பா அம்மா 1755இல் கட்டிய வீட்டை, 1934இல் செங்கல் செங்கலாகப் பிரித்துக் கப்பலேற்றி மெல்பர்னில் கொண்டுபோய்த் திரும்பக் கட்டிவிட்டார்கள். வீடு நின்ற இடத்தில் இப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கல்லில் ஒரு தூண் நிற்கிறது. குக் அந்த வீட்டில் ஒரு ராத்திரியாவது படுத்தாரா என்பதே சந்தேகம்.

"வீட்டையே குடுத்துட்டுக் கல்லை வாங்கினாங்களா?" மாமா ரொம்ப நேரம் யோசித்தார். "பத்திரம் யார் பேர்ல?"

ரோஸ்பெரி தலையில் தொப்பி போட்டால் கீழே ஊருக்கு இடி மழை என்று இந்தப் பக்கத்தில் பழைய பாட்டு உண்டு. தொப்பி என்பது மேகம். நான் மாமாவின் மங்கி குல்லாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே மலை நிஜமாகவே தொப்பி போட்டுவிட்டது. இறங்குகிற வழியெல்லாம் மழை. வெறும் காலில் மாமா ஆடு மாதிரி இறங்கினார். விலை கொடுத்து வாங்கிய மலை ஷூவில் நான் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். அவள் என்னைப் பார்த்து, "எங்கப்பாவை மலையில நிக்கவெச்சு வசூல் பண்ணினீங்களா?" என்றாள். அந்த ஐந்து பவுண்டை ஏதாவது தர்ம உண்டியலில் போட்டுவிடலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலுக்கு என்று கொடுத்த காசு கோயிலுக்குத்தான் போகவேண்டுமாம். பெட்டியிலிருந்து மஞ்சள் துணி எடுத்து, நோட்டை மடித்து முடிந்து வைக்கப் பார்த்தார். இங்கே ஐந்து பவுண்டு நோட்டு பிளாஸ்டிக். மடிக்க மடிக்க விறைத்துக்கொண்டு நிமிர்ந்தது. முடிச்சுப் போட்டால் துணி விலகி உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"யார் இந்த ஆள், இம்புட்டு முறைக்கிறாரு?"

"சர்ச்சில் மாமா." காந்தி அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகைப் படியேறுகிறாரே என்று 1931இல் பொருமித் தீர்த்த அதே சர்ச்சில்.

மாமா துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார். "வரட்டும். அங்கே எங்க ஆளு கோவணத்தோடதான் நிக்கிறார்."