பச்சை மூடி டியூப் இரண்டு

என் ரத்தத்தில் பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற என்சைம் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 13லிருந்து 15க்குள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்தான் முழிப்பேன்; பார்த்து இரண்டு வருஷமாகிறது. 2009இல் லேபில் சேர்ந்ததிலிருந்து என் ரத்தம்தான் எங்கள் பெஞ்சுக்கு நார்மல் கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம். மாசம் ஒரு தடவை கையை நீட்டுவேன், வெள்ளை அணுக்களைப் பிரித்துச் சின்னச் சின்ன டியூபில் உறைய வைத்துக்கொள்வோம். "நம்ம வீட்டு நெல்லிக்காய் ஊறுகாய் மாதிரி உன்னைப் போட்டு வச்சிருக்காங்க" என்பார் என் கணவர்.

நாங்கள் பார்ப்பது லைசோசோம் சேமிப்பு நோய்களுக்கான என்சைம் டெஸ்ட். லைசோசோமைப் பாடப் புத்தகத்தில் குப்பைத் தொட்டி என்று போட்டிருப்பார்கள். எனக்கு அது காயலான் கடை மாதிரி. செல்லில் பழசானது எல்லாம் அங்கே வரும், கழற்றி உடைத்துத் திரும்ப உபயோகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு சாமானை உடைக்கவும் ஒரு ஆள், அதுதான் என்சைம். அந்த ஆள் பிறவியிலேயே வரவில்லை என்றால் அவன் உடைக்க வேண்டிய சாமான் மட்டும் மலைபோலக் குவியும். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள். எங்களுக்கு அதிகம் வருவது கோஷே நோய் (எங்கள் பக்கம் கௌச்சர் என்றும் சொல்வார்கள், சண்டை போடுவதில்லை). இதில் வராத ஆள் பீட்டா குளுக்கோசிடேஸ். அதனால் குளுக்கோசெரிப்ரோசைட் என்ற கொழுப்பு உடைபடாமல் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்கும். வயிறு பானையாகும், பிளேட்லெட் இறங்கும், ரத்தம் ஊறாது. 1882இல் இதை முதலில் எழுதிய கோஷே என்ற பிரெஞ்சு டாக்டர், மண்ணீரலில் வந்த ஒருவகைப் புற்றுநோய் என்றே நினைத்தார். நம் ஊர்ப் பாட்டிகள் "வயித்துல கட்டி" என்பதும் அவர் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்சைம்தான் குறை என்று தெரிய 1965 ஆனது.

டெஸ்டைப் பக்கத்தில் நின்று பார்த்தால் சமையல்தான். பச்சை மூடி போட்ட ஹெப்பரின் டியூபில் ரத்தம் வரும். டெக்ஸ்ட்ரான் கலந்து முக்கால் மணி நேரம் ஆடாமல் வைத்தால் மோர் தெளிகிற மாதிரி சிவப்பு கீழே இறங்கிவிடும். மேலே நிற்கும் வைக்கோல் நிற நீரில்தான் நமக்கு வேண்டிய வெள்ளை அணுக்கள். அதை எடுத்துச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அடியில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் டிஸ்டில்டு வாட்டர், ஒன்றரை நிமிஷம். சிவப்பணு தண்ணீரைக் குடித்துக் குடித்து வெடித்துவிடும், வெள்ளை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நேரம் தாண்டினால் அதுவும் போய்விடும். அந்த ஒன்றரை நிமிஷத்தில் யார் போன் அடித்தாலும் எடுக்க மாட்டேன், இது என் அம்மாவுக்கும் தெரியும். உடனே உப்புக் கரைசல் ஊற்றிச் சரிசெய்து மறுபடி சுற்றினால் டியூபின் அடியில் நொய்யரிசி அளவு வெள்ளையாய் ஒரு துளி. அஞ்சு மில்லி ரத்தத்தில் நமக்குத் தேறுவது அவ்வளவுதான்.

அதை ஐஸில் வைத்து உடைத்து, புரதம் எவ்வளவு என்று அளந்துகொண்டு, அப்புறம் சப்ஸ்ட்ரேட் போடுவோம். குளுக்கோஸின் வாலில் 'ஃபோர் எம்யூ' என்ற ஒரு சாயத்தைக் கட்டிவிட்ட போலிச் சாமான் அது. என்சைம் இருந்தால் 37 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் கட்டை அறுத்துவிடும். கடைசியில் காரக் கரைசல் ஊற்றியதும் அறுந்து விழுந்த சாயம், புற ஊதா வெளிச்சத்தில், கல்யாண வீட்டு டிஜே லைட்டில் வெள்ளைச் சட்டை அடிக்கிற மாதிரி நீலமாய் அடிக்கும். மெஷின் எண் கொடுக்கும். எண்ணுக்குக் காத்திருக்காமல் கையடக்க விளக்கில் ஒரு தடவை டியூப்களைப் பார்ப்பது என் வழக்கம். என் டியூப் நீலம். நோய் இருக்கிற குழந்தையின் டியூப் இருட்டு.

இந்த இருட்டில்தான் சிக்கல். என்சைம் இல்லாவிட்டாலும் இருட்டு, ரத்தம் வழியில் வெந்துபோனாலும் இருட்டு. பஃபரின் பி.எச். தப்பினாலும், இன்குபேட்டர் பாதியில் நின்றாலும், நான் பிப்பெட்டில் காற்றை உறிஞ்சி விட்டாலும் இருட்டுதான். சர்க்கரை டெஸ்டில் தப்பு நடந்தால் எண் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். எங்கள் டெஸ்டில் முக்கால்வாசித் தப்பும் ஒரே பக்கம் சாயும், நோய் இருக்கிற பக்கம். நோயும் தப்பும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும்.

2012இல் எனக்கு இது வாய்ப்பாடமாய்த் தெரியும், பரீட்சைக்கும் எழுதியிருக்கிறேன்.

ஆயுத பூஜை சமயம். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தெர்மகோல் பெட்டி வந்தது. நாலு வயசுப் பையன், மண்ணீரல் தொப்புள் வரை, பிளேட்லெட் குறைவு, அப்பாவும் அம்மாவும் தாய்மாமன் முறையில் கட்டிக்கொண்டவர்கள். படித்ததுமே மனசு 'கோஷே' என்று சொல்லிவிட்டது. பெட்டியைத் திறந்தால் ஐஸ் பேக் வெந்நீர்ப் பை மாதிரி இருந்தது. ரத்தம் எடுத்த தேதிக்கான கட்டம் காலி. டியூபின் மேல்பாகம் வைக்கோல் நிறத்துக்குப் பதில் ரோஸ் மில்க். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் ஃபார்மில் டாக்டர், நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி எடுத்தது என்று எழுதியிருந்தார். அந்தக் குழந்தையை இன்னொரு தடவை குத்தச் சொல்ல மனசு வரவில்லை. போட்டுவிட்டேன்.

1.9 வந்தது. எங்கள் லேபில் நார்மல் 8க்கு மேல். பக்கத்தில் என் டியூப் 14.

நியாயமாக அதே வெள்ளை அணுக்களில் இன்னொரு என்சைமும், அதாவது நோயோடு சம்பந்தமில்லாத ஒன்றும், பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பார்ப்பது பீட்டா கேலக்டோசிடேஸ். அது நன்றாக இருந்தால் ரத்தம் நன்றாக வந்திருக்கிறது, குறைவு அந்த ஒரு என்சைமில் மட்டும்தான் என்று அர்த்தம். அன்றைக்கு அந்த சப்ஸ்ட்ரேட் தீர்ந்திருந்தது. பூஜை லீவில் ஆர்டர் வரவில்லை. நாளைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தேன். சாயங்காலம் டாக்டரே போன் செய்தார். "லோவா இருக்கு சார்" என்றேன். இன்னொரு டெஸ்ட் பாக்கி என்பதையும் சொன்னேன், ஆனால் எந்தக் குரலில் சொன்னேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அதில் இருந்தது. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டாக்டர் அன்று ராத்திரியே வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் மாசக்கணக்காய் அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

மூன்றாம் நாள் சப்ஸ்ட்ரேட் வந்தது. பையனின் பீட்டா கேலக்டோசிடேஸ் நூறைத் தாண்ட வேண்டியது, 22. பிரிண்ட் அவுட்டை சீனியர் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டவில்லை. "பொட்டியில ரத்தம் வந்துச்சா, ரசம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் விசாரித்ததில், சனிக்கிழமை கிளம்பிய பெட்டி லீவில் எங்கோ ஒரு கிடங்கில் நாலு நாள் கிடந்திருக்கிறது.

இந்த முறை அவர்களை நேரில் வரச் சொன்னோம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று பேரும் வந்தார்கள். கூட அப்பத்தாவும். "போன தடவ எடுத்தது பத்தலையாக்கா?" என்று பையனின் அம்மா கேட்டாள். இருபத்து மூன்று வயசு இருக்கும். பத்தவில்லை என்று சொன்னால் பொய், கெட்டுப்போச்சு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். கெட்டுப்போச்சு என்றுதான் சொன்னேன். அடுத்த கேள்வி வரவில்லை. அப்பத்தா ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆச்சாம் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மகளையே மகனின் மாமியாராக்கியது அவர்தான். ஆனாலும் பார்வை மட்டும் பேத்தியின் மேலேதான் நின்றது.

ரத்தம் எடுத்து அரை மணிக்குள் பெஞ்சுக்கு வந்தது. அந்தத் தடவை விளக்கை எடுக்கக் கை வரவில்லை, மெஷினிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். 11.8. பீட்டா கேலக்டோசிடேஸும் நார்மல். பையனுக்குக் கோஷே இல்லை. பிறகு ஸ்கேனில், கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. அதுவும் மண்ணீரலை அப்படித்தான் வீங்க வைக்கும். வைத்தியம் வேறு. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இந்த மாதிரிப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது நிஜம். அந்த வீட்டில் அது நடக்கவில்லை என்பதும் நிஜம். இரண்டாவதை அப்பத்தாவுக்குப் புரியவைக்க டாக்டர் எவ்வளவு நேரம் செலவழித்தாரோ தெரியாது.

அதற்குப் பிறகு பக்கத்து என்சைம் இல்லாமல் என் வாயிலிருந்து எண் வராது. போனில் யார் கேட்டாலும் "ஓடிக்கிட்டிருக்கு சார்" தான்.

பக்கத்து என்சைமைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசனை வேண்டும். பார்ப்பது சல்ஃபடேஸ் வகை என்றால் துணைக்கு இன்னொரு சல்ஃபடேஸ் மட்டும் போதாது. எல்லா சல்ஃபடேஸையும் மொத்தமாய்ப் படுக்க வைக்கும் ஒரு நோயே இருக்கிறது. இரண்டும் குறைவாக வந்தால் ரத்தம் கெட்டதா, அந்த நோயா என்று தெரியாது. வேறு சாதி என்சைம் ஒன்றும் வேண்டும். இன்னொரு வம்பு, எண் நிஜமாகவே குறைவாயிருந்தும் ஆள் கல்லுக்குண்டாய் இருப்பது. ஆரில்சல்ஃபடேஸ் ஏ என்ற என்சைமில் இது சகஜம். டியூபில் பாதிகூட வராது, உடம்புக்கு அதுவே தாராளம். இவர்களைப் பிரித்துப் பார்க்கச் சிறுநீரில் சல்ஃபடைட் (அந்த என்சைம் உடைக்க வேண்டிய கொழுப்பு) சேர்கிறதா என்று பார்க்க வேண்டும், ஜீன் பார்க்க வேண்டும். ஐ-செல் நோய் இதற்கெல்லாம் தலைகீழ். என்சைம்களுக்கு லைசோசோம் முகவரி ஒட்டும் வேலை நடக்காது, பெரும்பாலானவை வழிதவறி ரத்தத்தில் திரியும். பிளாஸ்மாவில் பார்த்தால் எண் மேலே போய் நிற்கும். எண் எகிறி நான் பயந்தது அதில் மட்டும்தான்.

இப்போது ஃபில்டர் பேப்பரில் காய்ந்த ரத்தப் பொட்டாகவும் அனுப்புகிறார்கள். தபாலில் போட்டால் போதும், ஐஸ் வேண்டாம், பெரிய வசதி. ஆனால் நிழலில் மூன்று நாலு மணி நேரம் காயணும். ஹேர் டிரையர் வைத்துக் காயவைத்த கார்டு வந்திருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் பக்கத்தில் காய்ந்தது வந்திருக்கிறது. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு, திறந்ததும் நாறிய கார்டு வந்திருக்கிறது. ஒன்றில் எறும்பு ஓரத்தைக் கடித்திருந்தது. கார்டில் குறைவு வந்தாலும் வெள்ளை அணுவில் உறுதி செய்யாமல் நாங்கள் ரிப்போர்ட் கொடுப்பதில்லை. அரிய நோய்களுக்கான மத்திய அரசின் 2021 கொள்கையில் இப்போது 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம், அந்த விண்ணப்பத்துக்கும் இந்தத் தாள்தான் அஸ்திவாரம். இரண்டு வாரத்துக்கொரு முறை ஏற்றும் மருந்து, எடை ஏற ஏற டோஸும் ஏறும். அந்தப் பணமும் எத்தனை நாளைக்கு வரும் என்பது வேறு கதை.

இன்னொன்றும் கேட்டு வாங்குகிறோம். குழந்தையின் ரத்தத்தோடு, அதே நேரத்தில் அதே ஊசியறையில் எடுத்த வேறொருவரின் ரத்தமும் அதே பெட்டியில் வரணும். டிராவல் கண்ட்ரோல். இரண்டும் ஒரே வெயிலில் வரும். வழியில் கெட்டிருந்தால் இரண்டும் கெடும். அப்பா அம்மா ரத்தம் ஆகாது, குழந்தைக்கு நோய் இருந்தால் அவர்களிடம் பாதிதான் இருக்கும். கூடப்பிறந்தது, சித்தி, மாமன் யாரும் வேண்டாம். சம்பந்தமில்லாத ஆள் வேண்டும். போனில் இதைச் சொன்னால், யாரைப் பிடிக்கிறது என்று சலித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் டியூட்டி நர்ஸ் கையைக் கொடுப்பார்.

போன மாசம் ஒரு பெட்டி வந்தது. ஐஸ் பேக் இன்னும் கல்லாய் இருந்தது, தேதி, நேரம் எல்லாம் எழுதியிருந்தது. பச்சை மூடி டியூப் இரண்டு. ஒன்றில் இரண்டு வயசுப் பெண் குழந்தையின் பெயர். இன்னொன்றில் பேனாவால் 'ஆட்டோ அண்ணன்' என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவராம், வாசலில் காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டுச் சட்டைக் கையை மடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

குழந்தைக்கு 0.9. பீட்டா கேலக்டோசிடேஸ் நார்மல். ரிப்போர்ட் போகும் முன் டாக்டருக்குப் போன் செய்து மெதுவாகச் சொன்னேன். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அந்த ஆட்டோக்காரர் ரெண்டு நாளா வந்து கேட்டுக்கிட்டிருக்கார் மேடம், தனக்கு ஏதாவது இருக்கான்னு" என்றார்.

"14.2 சார். எனக்கு இருக்கிற அளவுதான்னு சொல்லுங்க."