கோடு எண்ணி ஏமாந்த கதை

வேலை இல்லாதவன் ஈ ஓட்டுவான் என்பார்கள். நான் மூன்று ஞாயிறாக அண்ணா நகர் டவர் பூங்காவில் ஈ பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வாரம் செல்போனில் கிளிப் லென்ஸ் மாட்டி எடுத்த நாற்பது படத்தையும் ‘வீட்டு ஈ’ என்று ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டேன். எல்லாமே சாம்பல் உடம்பு, சிவந்த கண். பெரிதாக்கியபோதுதான் முதுகுக் கோடுகள் தெரிந்தன. வீட்டு ஈயான மஸ்கா டொமெஸ்டிகாவுக்கு நான்கு கறுப்புக் கோடு. அதன் பங்காளி மஸ்கா சார்பென்ஸுக்கு அகலமாக இரண்டே பட்டை. சற்றுப் பெரிதாக, வயிற்றில் சதுரங்கக் கட்டம் வரைந்ததுபோல் இருப்பது சதை ஈ, அதாவது சார்கோஃபாகா வகை, அதற்கு மூன்று. இவ்வளவுதானா என்று ஃபோல்டரை மூன்றாகப் பிரித்தேன்.

அடுத்த ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கணுக்காலில் சுருக்கென்று குத்தியது. அடிக்காமல் படம் எடுத்தேன் (இந்தப் பொறுமைக்கே பரிசு தரலாம்). முதுகில் நான்கு கோடு! வீட்டு ஈ கடிக்காதே? பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால், வாயிலிருந்து கறுப்பு ஊசி ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மாடுகளைக் கடித்து ரத்தம் குடிக்கும் ஸ்டோமாக்சிஸ். வீட்டு ஈயின் வாய்நுனி பஞ்சு மாதிரி. ஒற்றி உறிஞ்சத்தான் முடியும்.

என் பழைய படங்கள் எல்லாம் மேலிருந்து எடுத்தவை, பாதிக்கு மேல் வாயே தெரியவில்லை. நல்லவேளை, இறக்கை இருந்தது. வீட்டு ஈயில் நுனிக்கு அருகே ஒரு நரம்பு முழங்கைபோலச் சட்டென்று மடங்கும்; ஸ்டோமாக்சிஸில் அதே நரம்பு மெதுவாக வளையும். அதை வைத்து மறுபடி பிரித்ததில் ‘வீட்டு ஈ’ படங்களில் இரண்டு, வேறொரு ஃபோல்டருக்குப் போயின.

மூன்றாவது வாரம் சதை ஈ ஒன்றை டப்பாவில் பிடித்து வந்து, அசையாமல் இருக்கட்டும் என்று ஐந்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். “இட்லி மாவு பக்கத்துல ஈயையா வைப்ப?” என்று அம்மா டப்பாவை வெளியே எடுத்துவிட்டார். மூடிக்குள் வெள்ளையாகப் பொடிப் பொடியாக நெளிந்தன. சதை ஈ முட்டை இடாது, நேராகப் புழுவாகவே ஈனும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். அம்மாவும் பார்த்துவிட்டார்.

எந்தச் சார்கோஃபாகா என்பது மட்டும் மிச்சம். அதற்கு ஆண் ஈயின் பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்; பிடித்ததோ பெண். நோட்டில் ‘சார்கோஃபாகா’ என்று மட்டும் எழுதினேன். டப்பா இப்போது மொட்டை மாடியில்.