நானாத்தான் எடுத்தேன் சார்

"இத்தனை பஸ்கி எடுக்கச் சொன்னது யாருப்பா?" என்று டாக்டர் கேட்டார். "நானாத்தான் எடுத்தேன் சார்" என்றான் பையன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பையில் இரண்டு இளநீரோடு நான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடமாகிறது. அவன் சொன்னது பொய்யே இல்லை என்று சில நாள் தோன்றும். எடுத்தது அவன்தானே, நான் காலைப் பிடித்து மடக்கிவிட்டேனா? அடுத்த நாளே, பத்தொன்பது வயதுப் பையன் எனக்காகப் பொய் சொன்னதை வேடிக்கை பார்த்தவன் நான் என்று தோன்றும்.

காவலர் தேர்வுக்கு எட்டு மாதம் உட்கார்ந்தே படித்தவன். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. இனி 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், அதற்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. என் ஜிம்முக்கு வந்த அன்றே, "டைம் இல்ல மாஸ்டர், நல்லா வேலை வாங்குங்க" என்றான். உட்கார்ந்து எழும் பஸ்கியை இருபது வீதம் பத்து செட் சொன்னேன். ஆறாவது செட்டில் தொடை வெடவெடத்தது. "முடியலன்னா நிறுத்திக்கோ" என்றேன். இதை நான் சொன்னேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. "நாளைக்கு ஸ்டேஷன்லயும் போய் இதையே சொல்லு" என்றும் சேர்த்தேன். டம்பெல் ரேக் பக்கம் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பையன் பத்து செட்டையும் முடித்தான்.

மறுநாள் ராத்திரி போன் செய்தான். படி இறங்க முடியவில்லையாம். "வலிச்சாத்தான் உடம்பு ஏறுதுன்னு அர்த்தம், நாளைக்கு வா, வார்ம் அப் பண்ணா விட்டுடும்" என்றேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் மூன்று நாள் வலிக்கத்தான் செய்யும், ரெண்டாம் நாள்தான் உச்சம். நான் சொன்னதில் தப்பில்லை. தொடை வீங்கியிருக்கிறதா, ஒன்றுக்குப் போனால் என்ன நிறத்தில் வருகிறது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரியது என்று மூன்றாம் நாள் காலையில் தெரிந்தது. "மாஸ்டர், யூரின் கடுங்காப்பி மாதிரி வருது" என்றான்.

அப்போது நான் தாமதிக்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி சி.கே.; சுமார் 200-க்குள் இருக்க வேண்டிய அதன் அளவு அவனுக்கு 40,000-ஐத் தாண்டியிருந்தது. பழகாத தசையை ஒரேயடியாக வேலை வாங்கினால் நார்கள் சிதைந்து, உள்ளிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 1940-41-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாட்டில் சிக்கி மீட்கப்பட்டவர்கள், பிழைத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தபோது சில நாளில் சிறுநீரகம் நின்று இறந்துபோனதை அங்கிருந்த மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் சுவர் விழுந்தது. இவன் மேல் விழுந்தது நாலு பேர் சிரிப்பு.

இளநீரையும் டாக்டர் தடுத்துவிட்டார். "பொட்டாசியம் ஏற்கெனவே ஏறிக் கிடக்கு, அதை வேற குடுத்துடாதீங்க" என்றார். நல்லது என்று நினைத்து வாங்கிப்போனதும் அப்படி ஆனது. நாலு நாள் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பியது.

"எங்க காலத்துல இப்படித்தான் எடுத்தோம்" என்று என் பெண்டாட்டியிடம் சொல்லித் தேற்றிக்கொண்டேன். அதுவாவது உண்மையா என்று பின்னர் உட்கார்ந்து யோசித்தேன். நான் பழகியது ஓடு வேய்ந்த ஒரு தேகப்பயிற்சி சாலையில். முதல் வாரம் வாத்தியார் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்துப் பெருக்கத்தான் விட்டார். அப்புறம் பன்னிரண்டு தண்டால், இருபது பஸ்கி. கர்லாக்கட்டையைத் தொடவே மூன்று மாதம் ஆனது. ஐந்நூறு பஸ்கி எடுத்தது நிஜம்தான், ஆனால் அது இரண்டாம் வருடம். நடுவில் இருந்த ஒன்றரை வருடத்தை எப்படி மறந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு ரெண்டு வாரம் ரெண்டு செட்டுக்கு மேல் கிடையாது. இன்னும் பத்து எடுக்கலாம் போலிருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். வெறும் பாரே 20 கிலோ இருக்கும், ப்ளேட் மாட்டாமல் தூக்க வெட்கப்பட வேண்டாம். அதற்குப் பின் ஏற்றினாலும் பக்கத்துக்கு 1.25 கிலோ போதும். தண்ணீர், தூக்கம், முட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும். மாஸ்டர் கிண்டலடித்தால் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அது நானாக இருந்தாலும் சரி. இதைச் சொல்லும்போதே இது வேலைக்காகாத அறிவுரை என்றும் தெரிகிறது. நாலு பேர் பார்க்கும்போது எந்தப் பத்தொன்பது வயதுக்காரன் துண்டை எடுப்பான்? நான் எடுத்திருக்க மாட்டேன்.

அவன் வீட்டுக்குத் திரும்பிய வாரம் அவனுடைய அப்பா அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்தார். "நீங்க உடனே போகச் சொன்னதாலதான், தம்பி, புள்ள பொழைச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பின்னால் ட்ரெட்மில்லில் ஆள் ஓடிக்கொண்டிருந்தது, மாதச் சந்தா கட்ட இரண்டு பேர் நின்றார்கள். "பரவாயில்லைங்கய்யா" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று சிரித்த நாலு பேரும் ஆளுக்கு ரெண்டு துண்டு எடுத்தார்கள்.

பையன் ஓட்டத்துக்குப் போனான். 7 நிமிடத்துக்குள் வரவில்லை. ஒரு மாதம் படுக்காமல் இருந்திருந்தால் வந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது, அவனும் கேட்கவில்லை. போன மாதம் தன் சித்தப்பா பையனை என்னிடம் அனுப்பிவைத்திருக்கிறான். வந்தவன் முதல் நாள் இருபது பஸ்கி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணன் ஃபர்ஸ்ட் டேவே இருநூறு எடுத்துச்சாமே மாஸ்டர், எனக்கு எப்ப?"

பார்க்கலாம் என்றேன்.